முப்பது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்ன விலை?

கொட்டேஷன் கேட்டு வரும் அழைப்புகளில் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏனுங்க, முப்பது எக்ஸ்டென்ஷன் போடற மாதிரி ஒரு பாக்ஸ் என்ன வெலை வருமுங்க?" பாக்ஸ் என்பது கம்பெனிக்குள் இருக்கும் போன்களை, அதாவது எக்ஸ்டென்ஷன்களை, ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும் பிபிஎக்ஸ் பெட்டி. இந்தக் கேள்விக்கு உடனே விலை சொல்கிற வியாபாரியிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். வெளி லைன் எத்தனை, அவை எந்த வழியாக உள்ளே வருகின்றன, கடைசி போன் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, எர்த் எப்படி இருக்கிறது என்று எதையும் கேட்காமல் சொன்ன விலை, வேலை முடியும்போது இரண்டு மடங்காகும். அப்படியே நின்றாலும் ஐப்பசி இடிக்குக் கருகும்.

பேச்சுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் இரண்டு மாடி ஆபீஸ். மெர்ச்சண்டைசர்கள், அக்கவுண்ட்ஸ், டாக்குமெண்டேஷன் என்று 24 மேசை. பின்னால் கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங் என்று ஷெட்டுகள். கேட், கேண்டீன், குடோன், ஜெனரேட்டர் ரூம். 400 மீட்டர் தள்ளி ஒரு காம்பாக்டிங் யூனிட். மொத்தம் 46 போன். கோவையின் பம்பு ஃபவுண்டரி, பல்லடத்துத் தறிக் கூடம், கரூரின் ஜவுளி எக்ஸ்போர்ட் கம்பெனி எல்லாம் ஏறத்தாழ இதே அமைப்புதான்: ஏசி போட்ட ஆபீஸ் ஒன்று, அதற்குப் பின்னால் தூசியும் சத்தமும் தூரமும்.

முதலில் வெளி லைன் கணக்கு. ஆபரேட்டரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் மணிவாரியாக அழைப்புகளைக் குறிக்கச் சொல்லுங்கள். அதிகக் கூட்டமுள்ள மணி நேரம் எதுவென்று தெரியும். ஜாப் ஒர்க் யூனிட்டுகளோடு பேசும் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் காலை 10க்கும் 12க்கும் நடுவில் வரும். அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக 40 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்றால் மொத்தம் 120 நிமிடம். 60ஆல் வகுத்தால் 2. இந்த அளவுக்கு எர்லாங் என்று பெயர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரம்தான் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது.

இரண்டு எர்லாங் என்றால் இரண்டு லைன் போதுமே என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் ஒன்று முடிந்த பிறகு ஒன்று என்று முறை வைத்து வருவதில்லை. நூறு அழைப்பில் ஒன்றுக்கு மேல் பிஸி டோன் கேட்கக் கூடாது என்று வைத்தால், 2 எர்லாங்குக்கு 7 லைன் வேண்டும். 6 லைன் 1.91 வரைதான் தாங்கும். 8 லைன் 3.13ஐயும், 10 லைன் 4.46ஐயும் தாங்கும். கவனித்துப் பாருங்கள்: அழைப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆனாலும் லைன் ஏழிலிருந்து பத்தாகத்தான் கூடுகிறது. எல்லா லைனும் ஒரே பொதுக் கூட்டமாக இருந்தால்தான் இந்தச் சலுகை. "எம்.டி.க்குத் தனி லைன், அக்கவுண்ட்ஸுக்குத் தனி லைன், டிஸ்பாட்சுக்குத் தனி லைன்" என்று பிரித்த அன்றே கணக்கு கெட்டுவிடும். மூன்று லைன் சும்மா கிடக்கும்போது நான்காவதில் பிஸி டோன் கேட்கும். தனி எண் வேண்டுமென்றால் எண்ணை மட்டும் தனியாகக் கொடுங்கள், லைனைக் கொடுக்காதீர்கள். ஒரே இணைப்பில் பல லைன் தரும் பிஆர்ஐ, இணைய முறையில் லைன் தரும் எஸ்ஐபி இரண்டிலும் அது முடியும்.

இனி அந்த லைன் எந்த வடிவில் வருகிறது என்பது. செம்புக் கம்பி லேண்ட்லைன் குறைந்துகொண்டே போகிறது. இப்போது 0421 எண் பெரும்பாலும் ஃபைபர் மோடத்தின் பின்னால் இருக்கும் போன் போர்ட்டிலிருந்து வருகிறது. அதைப் பெட்டியில் வெளி லைனுக்கென்று இருக்கும் எஃப்எக்ஸ்ஓ கார்டில் செருகினால் வேலை செய்யும். ஆனால் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, எதிராளி போனை வைத்த பிறகும் லைன் விடாது. அழைப்பு முடிந்ததைப் பெட்டி தெரிந்துகொள்ள, மோடம் லைனின் போலாரிட்டியை (பிளஸ், மைனஸை) மாற்றிக் காட்ட வேண்டும், அல்லது பெட்டி பிஸி டோனை அடையாளம் காண வேண்டும். இந்தியாவின் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். பெட்டி வேறு நாட்டு அமைப்பில் இருந்தால் இந்த டோன் அதற்குப் புரியாது. பதிவுக் குரலில் தானாகப் பதில் சொல்லும் ஆட்டோ அட்டெண்டென்ட் எடுத்த அழைப்பு தொங்கிக்கொண்டே கிடக்கும், மதியத்துக்குள் நாலு லைனும் அடைத்துவிடும். "லைன் கெடைக்கலீங்க" என்ற புகார் வந்தால் லைன் கம்பெனியைத் திட்டும் முன் பெட்டியின் நாட்டு அமைப்பைப் பாருங்கள். இரண்டு, காலர் ஐடி. சில லைனில் அது டிடிஎம்எஃப் முறையில் வரும், சில மோடத்தில் எஃப்எஸ்கே முறையில் வரும். போர்ட் வாரியாக மாற்றி அமைக்க முடிகிற கார்டா என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும்.

பிஆர்ஐ என்பது 2.048 மெகாபிட் வேகமுள்ள ஓர் இ1 இணைப்பு. ஒரே நேரத்தில் 30 பேச்சு. நம் உதாரணக் கம்பெனிக்கு 7 லைன் போதும்போது இது மிகை. வாடகையும் வேண்டும், இ1 கார்டும் வேண்டும். புதிதாகப் போடுகிறவர்கள் எஸ்ஐபி ட்ரங்க் கேட்பதே மேல். 8 சேனல் எடுத்துக்கொண்டு பின்னால் கூட்டிக்கொள்ளலாம். ஒரு பேச்சுக்கு ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) பாக்கெட்டின் தலைப்புச் சுமையெல்லாம் சேர்த்து போகும் பக்கம் சுமார் 87 கிலோபிட், வரும் பக்கம் அதே அளவு. எட்டுப் பேச்சுக்கு 0.7 மெகாபிட்தான். ஆக, இணைய வேகம் பற்றாமல் குரல் உடைவது அரிது. அதே லைனில் டிசைன் செக்‌ஷன் பெரிய ஃபைலை ஏற்றும்போது குரல் பாக்கெட் வரிசையில் நிற்பதுதான் காரணம். தாமதம் 150 மில்லிவிநாடிக்குள், ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 30க்குள், பாக்கெட் இழப்பு ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் பேச்சு தெளிவாக இருக்கும். உரிமம் பெற்ற நிறுவனத்திடம் மட்டுமே ட்ரங்க் வாங்குங்கள். வெளிநாட்டு இணைய எண் ஒன்றை மலிவாக வாங்கி, அதில் வரும் அழைப்பை உள்ளூர் லைனில் திருப்பிவிடும் வேலை சட்ட விரோதம். "பையருக்கு வசதிங்க" என்று யாராவது யோசனை சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

மொபைல் சிம் போடும் கேட்வே நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ் மாதிரி இடங்களுக்குப் பொருந்தும். அங்கே டிரைவர்களிடம் இருப்பதும் மொபைல், சரக்கு ஏற்றுகிறவர்களிடம் இருப்பதும் மொபைல். வாங்கும்போது 4ஜியிலேயே குரல் போகும் வோல்ட்டி கேட்வேயா என்று பாருங்கள். பழைய 2ஜி கேட்வேக்கள் விலை குறைவாகக் கிடைக்கும். ஜியோ சிம் அவற்றில் வேலையே செய்யாது. ஆன்டெனாவைத் தகர ஷெட்டுக்குள் வைக்காதீர்கள், கேபிள் இழுத்து வெளியே கொண்டுபோங்கள். சிம் எல்லாம் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும்.

தூரமும் கம்பியும்

பட்ஜெட்டில் எல்லாரும் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை. 90 மீட்டர் சுவருக்குள், மீதி இரு முனைப் பேட்ச் கார்டுகளில். காம்பாக்டிங் யூனிட் 400 மீட்டரில் இருக்கிறதென்றால் நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி போனுக்கு ஃபைபர் இழுக்க வேண்டும், அங்கே ஒரு ஸ்விட்ச் வேண்டும், அதற்கொரு யூபிஎஸ் வேண்டும். ஒரே ஒரு போனுக்காக இத்தனையும். சாதாரண அனலாக் போனுக்கு 0.5 மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு ஜோடி போதும். போய்வரும் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 170 ஓம். பெட்டியின் விவர ஏட்டில் லூப் (போய்வரும் கம்பியும் போனும் சேர்ந்த தடை) எல்லை 600 ஓம் என்று போட்டிருந்தால், போனுக்கு 200 ஓம் கழித்து 400 ஓம் மிச்சம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகலாம். அதனால்தான் ஷெட்டுகளுக்கும் கேட்டுக்கும் அனலாக் என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்கிறோம். பழசு என்று ஒதுக்கக் கூடாது. அந்தப் போனைத் துணியில் துடைத்துவிட்டுப் பத்து வருடம் ஓட்டலாம். கெட்டால் கோவை டவுன்ஹால் பக்கம் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் மாற்று கிடைக்கும்.

வெளியில் போகும் கேபிள் ஜெல்லி நிரப்பிய ஆர்மர்ட் கேபிளாக இருக்கட்டும், மண்ணுக்கு அடியில் போகட்டும். கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிடும் கம்பி இடியை விருந்துக்கு அழைப்பது மாதிரி. மோட்டார்களுக்குப் போகும் பவர் கேபிளிலிருந்து ஓர் அடியாவது தள்ளி ஓட்டுங்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர் குறுக்காகக் கடக்கட்டும். வேகத்தை மாற்றும் டிரைவ் வைத்த மோட்டாரின் கேபிளோடு ஒரே ட்ரேயில் போன் கேபிளைப் படுக்கவைத்தால், மோட்டார் வேகம் ஏற ஏற போனில் 'கொய்ங்' என்று சுருதி ஏறும். பெட்டியை மாற்றினாலும் போகாது.

எல்லா ஜோடிகளும் வந்து சேரும் எம்டிஎஃப் பெட்டிக்குள் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். பத்து ஜோடி கிரோன் மாட்யூல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் வெள்ளிப் பூச்சுள்ள இரண்டு பற்கள். கம்பியை வைத்து கிரோன் டூலால் அழுத்தினால், பற்கள் உறையைக் கிழித்துச் செம்பைக் கவ்வும், டூலின் கத்தி மிச்சக் கம்பியை நறுக்கிவிடும். டூல் இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் அமுக்கினால் பற்கள் விரிந்துவிடும். அன்றைக்குப் பேசும், நாளாக ஆக அந்த இடத்தில் பச்சை பூக்கும், கரகர சத்தம் தொடங்கும். சாயப்பட்டறையின் நீராவி இருக்கும் இடங்களில் இது இன்னும் சீக்கிரம். இன்னொரு பொதுவான தவறு, ஒரு ஜோடியின் ஒரு கம்பியையும் அடுத்த ஜோடியின் ஒரு கம்பியையும் சேர்த்து ஒரு போனுக்குக் கொடுப்பது. மல்டிமீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டும். ஆனால் முறுக்கின் பயன் போய்விடுவதால் பக்கத்து எக்ஸ்டென்ஷனின் பேச்சு மெல்லிசாக இதில் கேட்கும். அக்கவுண்ட்ஸில் பேசும் தொகை கேண்டீனில் கேட்டால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு ஜோடிக்கும், கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் ஒவ்வொரு ஜோடிக்கும் கிரோன் மாட்யூலில் வாயுக் குழாய் வைத்த ப்ரொடெக்டர் செருக வேண்டும். வெளி லைனுக்கு மட்டும் போட்டுவிட்டு எக்ஸ்டென்ஷனை விட்டுவிடுகிறார்கள். கேட்டுக்குப் போகும் 200 மீட்டர் கம்பியும் வெட்டவெளியில்தானே போகிறது? ப்ரொடெக்டர் போட்டும் கார்டு போகிறதென்றால் எர்த்தைப் பாருங்கள். ப்ரொடெக்டர் ஃப்ரேமிலிருந்து எர்த் கம்பி எங்கேயும் போகாமல் சுவரோரமாகச் சுருட்டி வைத்திருப்பது அபூர்வமான காட்சி இல்லை. எர்த் பிட் அளவு 5 ஓமுக்குள் இருக்க வேண்டும், 2க்குள் வந்தால் நிம்மதி. காங்கயம், ஊத்துக்குளி பக்கம் சுக்கான் பாறையில் ஒரு பிட்டில் இது வராது. இரண்டு மூன்று பிட் வெட்டி ஒன்றாக இணைக்க வேண்டும். சித்திரை வைகாசியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். போனுக்கென்று தனி எர்த் வெட்டி அதைக் கட்டடத்தின் எர்த்தோடு சேர்க்காமல் விடுவது இன்னொரு தப்பு. இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையில் ஆயிரக்கணக்கில் வோல்ட் வித்தியாசம் வரும், அதற்கு நடுவில் நிற்பது உங்கள் பெட்டி. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடுங்கள். இடி மின்னல் சேதம் வழக்கமாக வாரண்டியில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்தப் பெட்டி

இத்தனையும் தெரிந்த பிறகு பெட்டி கிட்டத்தட்டத் தானாகவே முடிவாகிவிடும். நம் உதாரணத்துக்கு ஹைபிரிட் ஐபி பிபிஎக்ஸ், அதாவது ஐபி போன், அனலாக் போன் இரண்டையும் ஏற்கும் பெட்டி: ஆபீஸின் 24 மேசைக்கு ஐபி, ஷெட்டு, கேட், யூனிட் பக்கம் 22 அனலாக். அனலாக் கார்டு 8, 16 என்ற படிகளில் வரும். 22க்கு 24 எடுத்தால் இரண்டு போர்ட்தான் உபரி. இடிக்கு இரண்டு போனாலே முடிந்தது. 32 எடுத்து வையுங்கள். மொத்தத்தில் கால் பங்கு காலியாகவும், சேசிஸில் ஒரு ஸ்லாட் வெறுமையாகவும் இருக்கட்டும். முழுக்க ஐபி போடுவது புதுக் கட்டடம், ஒரே கூரை, எல்லா மேசைக்கும் நெட்வொர்க் பாயிண்ட் என்று இருக்கும் கோவை ஐடி ஆபீஸ்களுக்குச் சரி. பெட்டியே இல்லாத கிளவுட் சேவை ஊர் ஊராய்ப் போகும் சேல்ஸ் ஆட்களுக்குச் சரி. கேட்டிலிருந்து குடோனுக்குப் பேச இணையம் வேண்டும் என்ற நிலை ஒரு மில்லுக்கு ஒத்துவராது.

கொட்டேஷனில் மறைந்து நிற்பவை லைசென்ஸும் விஓஐபி சேனலும். "100 ஐபி யூசர் தாங்கும்" என்று முதல் பக்கத்தில் இருக்கும். கையில் வருவது 10 யூசர் லைசென்ஸ். ஐபி போனிலிருந்து அனலாக் போனுக்கோ அனலாக் வெளி லைனுக்கோ பேசும்போதெல்லாம் பெட்டியில் ஒரு விஓஐபி சேனல் (குரலை மாற்றித் தரும் டிஎஸ்பி சிப்பில் ஓர் இடம்) செலவாகும். 24 ஐபி போனுக்கு 8 சேனல்தான் என்றால், ஒன்பதாவது ஆள் ஷெட்டைக் கூப்பிடும்போது எங்கேஜ்டு. ஷெட்டில் போன் சும்மாதான் இருக்கும். எனவே கொட்டேஷனில் மூன்று எண்ணைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்: தரும் யூசர் லைசென்ஸ், விஓஐபி சேனல், ஆட்டோ அட்டெண்டென்ட் ஒரே நேரத்தில் எடுக்கும் அழைப்பு.

பிராண்டு விஷயத்தில் எங்கள் கருத்து: கார்டு எத்தனை வருடம் கிடைக்கும் என்பதே முதல் கேள்வி. பானசோனிக் பெட்டிகள் நம் பக்கம் எத்தனையோ மில்களில் ஓடுகின்றன, நல்ல பெட்டிகள். ஆனால் அந்த நிறுவனம் பிபிஎக்ஸ் தொழிலிலிருந்தே விலகிவிட்டது. இருப்பதை ஓட்டலாம், புதிதாக அதில் பணம் போட வேண்டாம். வடோதராவின் மேட்ரிக்ஸ் போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகளுக்குக் கார்டும் ஆளும் கோவையிலேயே கிடைப்பது பெரிய வசதி. 1999இல் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் மென்பொருளை ஒரு சர்வரில் ஏற்றி ஓட்டுவதும் நல்ல வழி, லைசென்ஸ் செலவில்லை. அதைப் பராமரிக்க லினக்ஸ் தெரிந்த ஆள் கம்பெனிக்குள்ளேயே இருந்தால் மட்டும். அமைத்துக் கொடுத்த பையன் பெங்களூர் போய்விட்டால் அதோடு சரி.

போன்களில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஆபரேட்டருக்கு மட்டும் பட்டன் பலகை வைத்த நல்ல போன், ஹெட்செட்டோடு. மேசை ஐபி போனில் கம்ப்யூட்டருக்கான இரண்டாவது போர்ட் கிகாபிட்டா என்று பாருங்கள். 100 மெகாபிட் போர்ட்டாக இருந்தால் அந்த மேசையின் கம்ப்யூட்டரும் அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். தறிக் கூடத்தில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். போன் மணி யாருக்கும் கேட்காது. மேஸ்திரி கேபினுக்குள் போன், வெளியே ஹூட்டரும் சுழல்விளக்கும், அதுதான் முறை.

கரண்ட்

ஒரு ஐபி போன் 3 முதல் 7 வாட் எடுக்கும். நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் தரும் 802.3ஏஎஃப் பிஓஇ ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும், எனவே போர்ட் அளவில் பிரச்சினை இல்லை; ஸ்விட்சின் மொத்த பிஓஇ அளவைப் பாருங்கள். 24 போனுக்கு 6 வாட் வீதம் 144 வாட். விலை குறைந்த 24 போர்ட் ஸ்விட்சுகளில் சிலவற்றின் மொத்தமே அதற்குக் கீழே. கடைசியாகச் செருகிய நாலு போன் உயிர் பெறாமல் கிடப்பது அதனால்தான்.

பெட்டி 60, ஸ்விட்ச் போனோடு சேர்த்து 170, ஃபைபர் மோடமும் ரூட்டரும் 30 என்று வைத்தால் 260 வாட். உள்ளேயே மூன்று 7 ஏஎச் பேட்டரி வைத்த 1 கேவிஏ யூபிஎஸ் இதை அரை மணி நேரம் இழுப்பதே கஷ்டம். வெளியே மூன்று 42 ஏஎச் பேட்டரி வைத்தால் மூன்று மணி நேரம் தாண்டும். ஜெனரேட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு: மாறும் அந்தச் சில விநாடியில் பிஓஇ ஸ்விட்ச் அணைந்தால், போன்கள் எல்லாம் திரும்ப எழுந்து பதிவாக ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். மோடத்தை யூபிஎஸ்ஸில் போட மறந்தால் மற்றதெல்லாம் எரிந்துகொண்டிருக்கும், வெளி லைன் மட்டும் செத்திருக்கும். பெட்டி அறையின் ப்ளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள்; 2, 3 வோல்ட்டைத் தாண்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பெட்டியை ஷெட்டுக்குள் வைக்க வேண்டாம். நூல்மில்களின் பஞ்சு, பவர் சப்ளை ஃபேனின் கம்பிவலையில் சாம்பல் நிறக் கம்பளியாகப் படிந்துவிடும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. கெப்பாசிட்டர்களின் தலை உப்பும். பிறகு ஒரு நாள் பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகும், எல்லாரும் சாஃப்ட்வேர் கோளாறு என்பார்கள். மாதம் ஒரு தரம் ப்ளோயர் அடித்தால் தீர்ந்தது.

நெட்வொர்க்கில் செய்ய வேண்டியது கொஞ்சம். குரலுக்குத் தனி விலான் (அதே ஸ்விட்சில் பிரித்த தனி நெட்வொர்க்), ஸ்விட்சிலும் ரூட்டரிலும் டிஎஸ்சிபி 46 அடையாளமுள்ள குரல் பாக்கெட்டுக்கு முன்னுரிமை, எஸ்ஐபி பாக்கெட்டுகளை வழியில் திருத்தும் ரூட்டரின் எஸ்ஐபி ஏஎல்ஜி அணைப்பு. ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கிறது, முப்பது விநாடியில் அழைப்பு அறுகிறது என்ற புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த ஏஎல்ஜியும், ரூட்டர் முகவரியை மாற்றும் நாட் அமைப்பும். எஸ்ஐபி பயன்படுத்தும் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் 201க்கு பாஸ்வேர்டும் 201 என்று இருந்தால் திருடர்களுக்குக் கண்டுபிடிக்கப் பெரிய நேரம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழுக்க வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு போயிருக்கும், பில் உங்களுக்கு வரும். ஐஎஸ்டி தேவைப்படும் மூன்று நான்கு மெர்ச்சண்டைசர்களுக்கு மட்டும் திறந்து, மற்றவர்களுக்குப் பெட்டியிலும் ட்ரங்க் கம்பெனியிடமும் பூட்டிவிடுங்கள்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இன்ஸ்டாலரைப் பக்கத்தில் நிறுத்திச் சிலவற்றைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு வெளி லைனிலும் மொபைலிலிருந்து கூப்பிட்டு, ஆட்டோ அட்டெண்டென்ட் பேசும்போதே மொபைலை வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அந்த லைன் விடுகிறதா என்று திரையில் பாருங்கள். மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். தூரத்து யூனிட்டிலிருந்து வெளியே ஓர் அழைப்பு போடுங்கள். பிறகு எம்டிஎஃப் கதவின் உள்பக்கம் எந்த ஜோடி எந்த எக்ஸ்டென்ஷன் என்ற அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் கான்ஃபிகரேஷன் பேக்கப் ஒரு பென்டிரைவில், அட்மின் பாஸ்வேர்டு ஒரு கவரில், லைசென்ஸ் ஃபைல் உங்கள் மெயிலில். "பாஸ்வேர்டு எங்ககிட்டயே இருக்கட்டுங்க அண்ணா, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்பார்கள். கவர் கைக்கு வந்த பிறகு செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.